எடை குறைந்த பதினோரு ஸ்வெட்டர்கள்

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு சாந்தோம் கடற்கரையில் ஒரு தென்னை மரத்துக்குப் பின்னால் ஒன்றரை மணி நேரம் ஒளிந்து நின்றிருக்கிறேன். அந்த மரத்தின் அகலம் ஒன்பது அங்குலம் இருக்கும். என் அகலம் அன்றைக்கே அதற்கு மூன்று மடங்கு. மரத்தின் இரண்டு பக்கமும் நான் வழிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வலையில் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

“இன்னா நைனா, யாரையாச்சும் தேடிக்கினு கீறியா, இல்ல மரம் சாயாம தாங்கிக்கினு கீறியா?”

“காத்து வாங்கறேன்” என்றேன்.

“காத்து அந்தப் பக்கம் அடிக்குது. நீ நிக்கறது இந்தப் பக்கம்.”

உண்மையில் நான் அங்கே கம்பளித் திருட்டைக் கண்டுபிடிக்கப் போயிருந்தேன். ரொம்பவும் திறமையாகக் கண்டுபிடித்தும் விட்டேன். திருட்டே நடக்கவில்லை என்பது ஒன்றுதான் அதில் குறை.

அப்போது எழுபதுகளின் நடுப்பகுதி. தி. நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் எங்கள் கம்பெனி. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லோரும் வேட்டியும் சேலையும் விற்றார்கள். இவருக்கு மட்டும் குளிர் தேசத்து ஆசை. கையால் பின்னிய கம்பளி ஸ்வெட்டர், குல்லா, விரலில்லாத கையுறை, இதெல்லாம் கப்பலேறிப் போகும். “மெட்ராஸ்ல எவனுக்கும் இது வேணாம்வே. அதனால திருட்டுப் பயமே கெடையாது” என்பார். அந்த நிம்மதியைக் கெடுக்கத்தான் அவர் என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்.

எங்கள் யாருக்கும் குளிர் என்றால் என்னவென்று தெரியாது. மார்கழி விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்திருக்கிறோம், அவ்வளவுதான் அனுபவம். வெளிநாட்டிலிருந்து மாதிரி ஸ்வெட்டர் ஒன்று வரும். பழுப்பு வெள்ளை நிறம், நெஞ்சில் வரிசையாகப் பின்னல் போட்ட ஜடை மாதிரி வேலைப்பாடு, மரப் பொத்தான். கையில் எடுத்தால் தூங்குகிற பூனையைத் தூக்கியதுபோல் கனக்கும். அதை வைத்து இங்கே ஒன்று பின்னி, அளவு சரியா என்று பார்க்க என்னைப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். அந்த நாட்டு மனிதர்களின் மிகப் பெரிய சைஸும் என் மார்பும் ஒன்றாக இருந்ததுதான் காரணம். சித்திரை மாதத்தில், ஸ்டூல் மேல் ஏறி, கழுத்து வரை கம்பளியோடு நிற்பேன். முதலாளி சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “வேர்வை இறங்குது வே, கழட்டும், கழட்டும், அனுப்ப முடியாமப் போயிரும்” என்று பதறுவார். பதற்றம் ஸ்வெட்டருக்காக.

பின்னுகிறவர்கள் எல்லோரும் வீட்டிலிருக்கும் பெண்கள். மயிலாப்பூர் குளத்தையொட்டி ஒரு தெருவில் ஒரு மாமியும் அவரைச் சேர்ந்த ஐந்தாறு பேரும். சாந்தோமில் சில பேர், சின்ன வயதில் கன்னியாஸ்திரீகளிடம் பின்னல் கற்றுக்கொண்டவர்கள். வடக்கேயிருந்து ரயிலில் வரும் கம்பளி நூற்கட்டுகளைச் சிட்டம் சிட்டமாகப் பிரித்து நான் நிறுத்துக் கொடுப்பேன். ஒரு ஸ்வெட்டருக்கு அரைக்கிலோ. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை, கழுத்து என்று தனித்தனியாகப் பின்னி, சேர்த்துத் தைத்து, மிச்ச நூலோடு கொண்டுவர வேண்டும். இரண்டையும் சேர்த்து மறுபடி நிறுப்பேன். நூல் பிசிறு, வெட்டு என்று பத்து கிராம் வரை குறையலாம். அதற்கு மேல் குறைந்தால் என் புருவம் உயரும். பிறகு ஈரத்துணி போட்டு இஸ்திரி, பொத்தான், லேபிள், இரண்டு அந்துருண்டை, அட்டைப்பெட்டி, துறைமுகம்.

நூல் இருந்த அறை வீட்டின் பழைய குளியலறை. கிணற்றை ஒட்டியது. அதன் சுவர் எந்த மாதத்திலும் கை வைத்தால் சில்லென்று இருக்கும். இது எனக்கு அன்றாடம் தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்தை யோசிக்கிற பழக்கம் மட்டும் எனக்கு இல்லை.

சாந்தோமிலிருந்து வந்த ஒரு அம்மாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். இருபது வருஷம் தலையில் மீன்கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றவர். முட்டி வீங்கிப்போய், ஆஸ்பத்திரியில் இனிமேல் தலையில் பாரம் தூக்கினால் காலை மடக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். புருஷன் இல்லை. ஆகவே சின்ன வயதில் கற்றுக்கொண்ட ஊசியை மறுபடி கையில் எடுத்தார். எங்கள் பட்டியலில் பெயர் இருக்கும்வரை உட்கார்ந்து பிழைக்கலாம், பெயர் போனால் மறுபடி கூடை. வந்த முதல் நாளே இதை என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்.

“எத்தினி வேணா குடு சார், பின்னிக் குடுக்கறேன். கூட மட்டும் என்னால ஆவாது.”

நான் அதற்கு என்ன பதில் சொன்னேன் என்பதை எழுத இப்போதும் கூசுகிறது. அதற்கு முந்தின மாதம்தான் வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அனுப்பிய குல்லாக்களில் சமையல் வாசனை அடிக்கிறது, இன்னொரு முறை அடித்தால் திருப்பி அனுப்புவோம் என்று. அந்தக் குல்லாக்கள் மொத்தமும் மயிலாப்பூரில் பின்னியவை. அடித்திருந்தால் பெருங்காயம்தான் அடித்திருக்கும். மாமியிடம் போய் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. போனால் காப்பி கொடுப்பார், குடித்துவிட்டு எப்படிச் சொல்வது? சொல்லாமல் வைத்திருந்த அந்தக் கண்டிப்பையெல்லாம் இந்த அம்மாவிடம் இறக்கினேன்.

“இதோ பாரும்மா, மீன் வாசனை துளி வந்தாலும் அந்த ஊர்க்காரன் கப்பலோட திருப்பி அனுப்பிடுவான். ஜாக்கிரதை.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “சரி சார்” என்றார். அடுத்த முறையிலிருந்து ஸ்வெட்டர் ஒரு பெரிய பிஸ்கட் தகர டப்பாவில், மூடி அழுத்தி, துணி சுற்றி வந்தது. திறந்தால் வெயில் வாசனை மட்டும் அடிக்கும். கழுவிய பிள்ளைபோல் சுத்தம். ஜடை வேலைப்பாடு ஒன்றுகூடக் கோணாது.

ஆனால் எடை குறைந்தது.

முதல் ஸ்வெட்டரில் நாற்பது கிராம். தராசைத் தட்டினேன், தூசி ஊதினேன், மறுபடி நிறுத்தேன். நாற்பதுதான். சரி, புது ஆள், நூலை வீணடித்திருப்பார் என்று விட்டேன். இரண்டாவதில் முப்பத்தெட்டு. மூன்றாவதில் நாற்பத்திரண்டு. அதே வாரம் மயிலாப்பூர் மாமி கொண்டுவந்த ஆறும் தராசில் உட்கார்ந்தன. எட்டு கிராம், ஏழு கிராம், எட்டு, எட்டு. தங்கம் நிறுப்பது மாதிரி.

“பிரமாதம் மாமி” என்றேன்.

“எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுதானே” என்றார் மாமி. நான் எதைச் சொல்லிக்கொடுத்தேன் என்று கேட்கவில்லை. பாராட்டு வரும்போது குறுக்கே பேசுவது எனக்கு வழக்கமில்லை.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. சாந்தோம் அம்மாவின் ஸ்வெட்டர்களை, அதனதன் மிச்ச நூலோடு, மற்றவற்றோடு சேர்க்காமல் என் மேஜைக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவில் தனியாக அடுக்கி வைத்தேன். சாட்சி. பதினோரு ஸ்வெட்டர் சேர்ந்தன, பதினொன்றிலும் குறைவு. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு முழு ஸ்வெட்டருக்கான நூல் காணோம். அப்படியானால் பன்னிரண்டாவது ஸ்வெட்டர் ஒன்று எங்கேயோ ரகசியமாகப் பிறந்திருக்கிறது. அதை எங்கே தேடுவது? கடற்கரைப் பக்கம் போகிறபோதெல்லாம் அங்கே ஓடுகிற பிள்ளைகளின் உடம்பை உற்றுப் பார்த்தேன். பாதிப் பிள்ளைகள் சட்டையே போட்டிருக்கவில்லை. அந்த வெயிலில் திருட்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு எந்தப் பிள்ளை அலையும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாறாக, சாமர்த்தியமாக மறைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. சந்தேகம் வந்துவிட்டால் இது ஒரு வசதி. கிடைத்தாலும் அத்தாட்சி, கிடைக்காவிட்டாலும் அத்தாட்சி.

அந்த அம்மா பேசினால் அதிகம் பேசுகிறார் என்று நினைத்தேன். பேசாவிட்டால் மறைக்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாள், “உன் முகம் ஏன் சார் வாடிக் கீது, ஒடம்பு சரியில்லியா?” என்று விசாரித்தார். ஆகா, காக்கா பிடிக்க ஆரம்பித்தாயிற்று என்று குறித்துக்கொண்டேன்.

அப்படித்தான் தென்னை மரத்துக்கு வந்து சேர்ந்தேன்.

வலைப் பெரியவரின் கேள்வியைச் சமாளித்து நின்றுகொண்டிருந்தபோது அந்த அம்மா தன் வீட்டிலிருந்து வெளியே வந்தார். கையில் அதே பிஸ்கட் டப்பா. ஒரு காலை இழுத்து இழுத்து, அங்குமிங்கும் பார்க்காமல் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். போகிற வழியெல்லாம் கயிற்றிலும் தரையிலும் கருவாடு காய்ந்தது. பாதை மாறி, பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் ஒரு காரை வீட்டுக்குப் போனார். கேட்டைத் திறந்த ஒரு வயதான டீச்சரம்மா எதுவும் கேட்காமல் உள்ளே விட்டார். அது ஒன்றே எனக்குப் போதும். வாடிக்கையாக நடக்கிற விஷயம்! கால் மணி நேரம் கழித்து சாந்தோம் அம்மா வெளியே வந்தார். கையில் டப்பா இல்லை.

நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் வேர்த்ததே இல்லை.

திங்கட்கிழமை டப்பாவோடு கம்பெனிக்கு வந்தார். முதலாளி இருந்தார், இஸ்திரிக்காரர்கள் இருந்தார்கள், நூல் வாங்க வந்த மயிலாப்பூர்ப் பெண்கள் நாலு பேர் பெஞ்சில் இருந்தார்கள். நல்ல சபை. டப்பாவைத் திறக்கவிடாமல் ஆரம்பித்தேன்.

“சனிக்கிழமை அந்த டீச்சர் வீட்டுல என்னம்மா வேலை?”

அவர் திடுக்கிடவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். “நீ அங்க இன்னா சார் பண்ண?” என்றார்.

“கேட்டதுக்குப் பதில்.”

“அவுங்க ஊட்டு மொட்ட மாடில காயப்போட்டேன். எங்க தெருவு பூரா கருவாடு. அங்க போட்டா வாசன புடிச்சிக்கும். நீதானே சார் சொன்ன, மீனு வாசன வந்தா கப்பலோட வந்துரும்னு? ரெண்டு நாளு வெயில்ல போட்டு, சூட்டோட டப்பால வெச்சி மூடி எடுத்தாறேன்.”

“சரி. எடை ஏன் குறையுது?”

“காயவெச்சா கொறையுது சார். கம்பிளி தண்ணி குடிக்கும். இங்கேருந்து எடுத்துக்கினு போறப்ப சில்லுனு கீது, கனமா கீது. காஞ்சா கொறையாதா?”

இந்த இடத்தில் ஒரு நியாயமான மனிதன் எழுந்துபோய் நூல் அறையின் சுவரைத் தொட்டுப் பார்த்திருப்பான். எனக்கு ஒரு ஜோக் தோன்றியது. தோன்றினால் எனக்கு வாய் நிற்காது. கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் நிற்காது.

“கம்பளி என்னம்மா கருவாடா, காயவெச்சா எடை குறைய?”

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளிகூடச் சிரித்தார். பெஞ்சில் இருந்த பெண்கள் மட்டும் சிரிக்காமல் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததை அப்போது நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

“ஆமா சார். கருவாடு மாதிரிதான்” என்றார் அந்த அம்மா. கேலியாகச் சொல்லவில்லை, விளக்கமாகச் சொன்னார். அது இன்னும் பெரிய சிரிப்பாகிவிட்டது.

முதலாளி என்னைப் பார்த்தார். “என்ன வே செய்ய?”

“பதினோரு தடவை முதலாளி. பதினோரு தடவையும்.”

“அப்போ நிறுத்திரும்.”

அந்த அம்மா அழவில்லை, சத்தமும் போடவில்லை. “கூடதான் தூக்கணும் மறுபடி” என்று தனக்குத்தானே சொல்வதுபோல் ஒரு தடவை சொன்னார். பிறகு டப்பாவில் இருந்த ஸ்வெட்டரை இஸ்திரிக்காரர் பக்கம் நீட்டிவிட்டு, கம்பெனி கொடுத்திருந்த பின்னல் ஊசிகளைப் பையிலிருந்து எடுத்து என் மேஜையில் வைத்தார். ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, மூன்று ஜோடி.

“எண்ணிக்க சார். இதையும் எடை போட்டுக்க. கொறஞ்சிருக்கப் போவுது.”

படியிறங்கும்போது அந்த வீங்கிய காலை முதலில் வைப்பதா, மற்றதை வைப்பதா என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்து இறங்கினார். நான் எடை எழுதுகிற நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வெற்றுப் பக்கம்.

ஒரு மாதம் போயிற்று. கப்பலுக்கு நாள் நெருங்கியது. எண்ணிக்கையில் பதினொன்று குறைய, முதலாளி, “அந்தத் திருட்டு ஸ்வெட்டரையும் எடும் வே. பின்னல் நல்லாத்தான இருக்கு, பெட்டில போட்டிருவோம். எடைய மட்டும் இன்னொரு தரம் பாரும்” என்றார்.

பீரோவைத் திறந்தேன். முதலாவதை அதன் மிச்ச நூலோடு தராசில் போட்டேன். எட்டு கிராம்தான் குறைவு.

தராசைத் தட்டினேன். இரண்டாவது, ஆறு கிராம். மூன்றாவது, எட்டு. பதினொன்றும் சரியாக இருந்தன. காணாமல் போன நூல் முழுக்கத் தானாக நடந்து வந்து, பூட்டிய பீரோவுக்குள் புகுந்து, அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தது.

இப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நான் உடனே வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டேன். அந்த அம்மா பயந்துபோய், ஆள் வைத்து, பதினொன்றையும் மாற்றிவிட்டார். பூட்டை ஆராய்ந்தேன், கீறல் இல்லை. அப்படியானால் கள்ளச்சாவி. ஒரே சாவி என் இடுப்புக் கயிற்றில் இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியைக் கேட்டேன்.

“நான் தூங்கறப்போ யாராவது என் இடுப்புச் சாவியை எடுத்தாங்களா?”

“உங்க இடுப்பு எங்க இருக்குன்னு எனக்கே இன்னும் தெரியல. வெளியாள் வந்து கண்டுபிடிச்சுட்டானாக்கும்?” என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

மறுநாள் ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த அம்மா சொன்னதைப் பொய்யென்று நிரூபித்துவிட்டால் மற்றது தானாக விளங்கும். ஒரு ஸ்வெட்டரை நிறுத்தேன். கம்பெனி மொட்டை மாடிக்கு நானே எடுத்துப்போய்க் கயிற்றில் போட்டேன். யாரும் ஒரு இழைகூட உருவிவிடக் கூடாது என்பதற்காக எதிரே ஸ்டூல் போட்டு, குடை பிடித்துக்கொண்டு, காலை பத்து மணியிலிருந்து மத்தியானம் மூன்று மணிவரை கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டை மேலே வரவழைத்தேன். ஒரு காக்கா வந்து கயிற்றில் உட்கார்ந்தது, அதையும் விரட்டினேன். பக்கத்து வீட்டு மாடியில் துணி எடுக்க வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு இறங்கிப்போய், இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். வெயிலில் ஸ்வெட்டருக்குக் காவல்!

மூன்று மணிக்கு அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி, தராசில் போட்டேன். முப்பத்தைந்து கிராம் போயிருந்தது.

ஐந்து மணி நேரம் என் கண்முன்னால், நான் குடை பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, முப்பத்தைந்து கிராம் போயிருந்தது. பக்கத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான். சந்தேகப்பட இனி என்னைத் தவிர ஆளில்லை. அப்போதுதான் எழுந்துபோய் நூல் அறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. ஒரு சிட்டத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். அதுவும் சில்லென்று இருந்தது. கிணற்றடியில் மாதக்கணக்கில் ஈரத்தைக் குடித்த நூலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெயிலில் காய்ந்த ஸ்வெட்டரை நிறுத்து வாங்கியிருக்கிறேன். என் பீரோவில் ஒரு மாதம் அடைந்து கிடந்ததில், அது குடிக்க வேண்டியதை மறுபடி குடித்துவிட்டது.

ஆனால் ஒரு முள் பாக்கியிருந்தது. மாமியின் ஸ்வெட்டர்கள் மட்டும் எப்படி எப்போதும் சரியாக வந்தன? அவர்கள் வீட்டில் வெயிலே அடிப்பதில்லையா? சாயங்காலம் மயிலாப்பூர் போனேன்.

“வாங்கோ வாங்கோ” என்று மாமி காப்பி கொண்டுவந்து வைத்தார். அதைத் தொடாமல் கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

“கொறையாம எப்படி இருக்கும்? எங்காத்துலயும் கொறையத்தான் செய்யும். மொதல் தடவை இருபது கிராம் கொறஞ்சுதுன்னு நீங்க மொறைச்சேளே, ஞாபகம் இல்லையா? அதுலேர்ந்து, கொண்டுவர முந்தின நாள் ஒரு ஈரத்துண்டுல சுத்தி வெச்சுண்டுடுவோம். தெருக்கோடி மளிகைக் கடையில நிறுத்துப் பாத்துண்டு வருவோம். ஜாஸ்தியாயிட்டா சித்த விசிறுவோம்.”

“எல்லாருமா?”

“எல்லாருந்தான். உங்களுக்கு எடை சரியா இருக்கணும், இருந்துது. அதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

“அந்தச் சாந்தோம் அம்மாவுக்கு இது தெரியாதா?”

மாமி கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். “நாங்கதான் சொல்லிக்குடுத்தோம். அவ மாட்டேன்னுட்டா. ஈரத்தோட மூடி வெச்சா நாத்தம் வரும், அந்த சார் ஏற்கெனவே மூக்கைப் பிடிச்சுண்டு பேசறார்னு சொன்னா. பாவம், அன்னிக்கு நீங்க எல்லார் எதிர்லயும் கேக்கறச்சே எங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடுத்து. ஆனா அவளுக்காகப் பேசினா எங்க துண்டு வெளில வந்துடுமே?”

காப்பியைக் குடித்தேன். மாமியைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? பின்னுகிற பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் நிறுப்பவனுக்கு மட்டும் தெரியவில்லை. தெரிந்ததை மறைக்காமல் சொன்ன ஒரே ஆளை வேலையை விட்டுத் துரத்தியிருந்தேன்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தராசைக் கொண்டுவரச் சொல்லி, மாடியில் காய்ந்த ஸ்வெட்டரை அவரே ஒரு தரம் நிறுத்துப் பார்த்தார்.

“அப்போ திருடுனது யாரு வே?”

“வெயில், முதலாளி.”

“வெயில வேலைய விட்டு நிறுத்த முடியாது. உம்மத்தான் நிறுத்தணும்.” சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். “அது இருக்கட்டும். நீரு போயி அந்த அம்மாவக் கூட்டிட்டு வாரும்.”

“ஒரு கார்டு போட்டுடலாமே முதலாளி. கௌரவமா இருக்கும்.”

“யாருக்கு?” என்றார்.

மூன்று நாள் எனக்கு வேறு வேறு வேலை இருந்தது. அதாவது, வேலையைத் தேடிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் காலையில் சாந்தோமுக்குப் போனால் வீட்டில் இல்லை. மந்தைவெளிப் பக்கம் வியாபாரத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு தெருமுனையில், மதில் நிழல் விலகிப்போன இடத்தில், ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முட்டியில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். எதிரே கூடையில் சங்கராவும் காரப்பொடி மீனும். இரண்டு பெண்கள் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கூடையை ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் தேட வேண்டியிருப்பதால் தெருவெல்லாம் சுற்றாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்கிறார் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

வழி நெடுக ஒரு பேச்சு தயார் செய்துகொண்டு போயிருந்தேன். நடுவில் சிரிப்பாக ஒரு வரிகூடச் சேர்த்திருந்தேன். அவரைப் பார்த்ததும் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். மற்றதைச் சொன்னேன். பீரோ, மொட்டை மாடி, குடை, ஈரச் சுவர், மாமி வீட்டுத் துண்டு. அவர் ஒரு சங்கராவின் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

“இத நான் அன்னிக்கே சொன்னேனே சார்.”

“சொன்னே. நான் நம்பல.”

“நான் காயவெச்சா திருட்டு. நீ காயவெச்சா தெளிஞ்சிருது.” மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் சுரண்டினார். “மொதலாளி இன்னா சொல்றாரு?”

“உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னார். பட்டியல்ல பேர் போட்டாச்சு. நூலை இனிமே வெயில்ல காயவெச்சுத்தான் நிறுத்துக் கொடுக்கணும்னு சொல்லிட்டார்.”

அவர் கத்தியை வைத்துவிட்டு முட்டித் துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கினார். கட்டும்போது பல்லைக் கடித்தார்.

“வரேன். திங்கக்கெழம வரேன். ஒனக்காவ இல்ல. இதுக்காவ.” முட்டியைத் தட்டிக் காட்டினார்.

“சரிம்மா” என்றேன். போகாமல் நின்றேன். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து அதை ஆரம்பிப்பது என்று தெரியாமல் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக, அவர் கூடையில் இருந்த சரக்கு மாதிரியே நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் பை வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் எட்டி எட்டிக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாந்தோம் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“மீனு வாங்க நிக்கிறியா, மன்னிப்பு கேக்க நிக்கிறியா? மன்னிப்புன்னா எட்டப் போய் நில்லு சாரே, யாவாரம் கெடுது.”